பத்து விழுக்காடு ‘முதல்’

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் எனக்கு ஒரு சின்ன அச்சுக் கடை. கல்யாணப் பத்திரிகை, பேனர், போட்டோஸ்டேட், திருவிழா சமயத்தில் நன்கொடை ரசீதுப் புத்தகம். 2011இல் என் கொழுந்தியா பலகாரம் செய்து இணையத்தில் விற்கப்போவதாகச் சொன்னாள். அவளுக்காக ஆறெழுத்து மலாய்ச் சொல் ஒன்றை டாட் காம் இணைய முகவரியாக, அதாவது டொமைன் பெயராக, பதிந்து கொடுத்தேன். பலகாரக் கடை எட்டு மாதம்கூட ஓடவில்லை. பெயர் மட்டும் என் கணக்கிலேயே தங்கிவிட்டது. வருடா வருடம் ஐம்பது, அறுபது வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் காப்பாற்றி வந்தேன். என்ன பெயர் என்று கேட்காதீர்கள், அது இப்போது வேறொருவர் சொத்து.

அதை விற்கலாம் என்ற எண்ணமே 2023இல் வந்த ஒரு மின்னஞ்சலால்தான் வந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர், மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். ஐயாயிரம் டாலர் தருகிறாராம், ஆனால் அவருடைய முதலீட்டாளர்கள் பெயருக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறார்களாம். எந்தத் தளத்தில் வாங்கினால் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று அவரே காட்டினார். அறுபது டாலர்தானே என்று கட்டினேன். அழகான சான்றிதழ் வந்தது, முத்திரையெல்லாம் போட்டு. அதை அனுப்பிய நாளிலிருந்து அந்த மனிதரைக் காணோம். வாங்குகிறவரும் சான்றிதழ் விற்கிறவரும் ஒரே ஆள் என்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரமாம். எனக்கு அது அறுபது டாலர் கட்டிய பிறகுதான் தெரிந்தது. விற்கிறவனிடமே காசு கேட்கிற வாங்குபவன் யாராக இருந்தாலும் இப்போது பதில் போடுவதில்லை.

சரி, முறையாகவே விற்போம் என்று ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் பெயரைப் போட்டேன். எந்தத் தளம் என்பதையும் விட்டுவிடுகிறேன். முகப்பிலேயே பெரிய எழுத்தில் கமிஷன் பத்து விழுக்காடு முதல் என்று இருந்தது. என் கண்ணில் பட்டது ‘பத்து’. ‘முதல்’ படவில்லை.

ஒன்றரை வருடம் சத்தமே இல்லை. பிறகு 2025 மே மாதம் ஒரு ஆள் 1,500 டாலருக்குக் கேட்டார். அந்தத் தளத்தின் தரகர் ஒருவர் நடுவில் வந்தார். நான் 3,500 என்றேன், அவர் 2,000 என்றார், நாலு நாள் இழுத்து 2,400இல் முடிந்தது. அன்று இரவே கடைக் கணிப்பானில் தட்டிப் பார்த்தேன். பத்து விழுக்காடு போனால் 2,160 டாலர். அன்றைய சந்தை விலை ஒரு டாலருக்கு 4.25 என்று வைத்தால் 9,180 வெள்ளி. மனைவியிடம் ஒன்பதாயிரம் என்று சொல்லியும் விட்டேன். அங்கேதான் தப்பு.

பெயரைக் கைமாற்றும் கட்டத்தில் முதல் சிக்கல். என் பதிவில் இருந்தது பழைய தோட்டத்து லயத்து வீட்டு முகவரி, தொழிலாளர்களுக்கான வரிசை வீடு. அந்தத் தோட்டத்தில் இப்போது லயமே இல்லை, எல்லாம் செம்பனை. வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுக்கிறோமே, எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று பெயர், மின்னஞ்சல், முகவரி மூன்றையும் புதுப்பித்தேன். அடுத்த நிமிடம் டொமைனுக்குப் பூட்டு விழுந்தது. உரிமையாளர் விவரத்தை மாற்றினால் அறுபது நாளுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டுவது டாட் காமுக்கெல்லாம் விதி வகுக்கிற ஐகான் அமைப்பின் ஏற்பாடு, திருட்டைத் தடுப்பதற்காக. மாற்றுவதற்கு முன்பே ‘பூட்டு வேண்டாம்’ என்று ஒரு கட்டத்தில் டிக் போட சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. எங்கள் நிறுவனமும் தந்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

வாங்குகிறவர் அறுபது நாள் காத்திருப்பாரா? கோலாலம்பூரில் கணினி வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, பூட்டு வெளிய போறதுக்குத்தானே. அவர அதே கம்பெனியில ஒரு கணக்கு தொறக்கச் சொல்லுங்க. உள்ளுக்குள்ளயே தள்ளிவிட்டுடலாம்.”

அப்படியே ஆயிற்று. ஆனால் பெயரின் தவணை முடிய பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நடுவில் காலாவதியானால் வியாபாரமே போய்விடும் என்று ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். 22 டாலர். பில்லில் அதற்குக் கீழே இன்னொரு வரி, 8 விழுக்காடு சேவை வரி. வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு நம் அரசாங்கம் 2020இல் 6 விழுக்காடு என்று ஆரம்பித்தது, 2024 மார்ச்சில் 8 ஆக்கியது. யாருக்கோ போகப்போகிற பெயருக்கு நான் ஒரு வருட வாடகை கட்டினேன். விலை பேசும்போதே இதைச் சேர்த்திருக்க வேண்டும்.

அப்புறம் அமெரிக்க வரிப் படிவம். டபிள்யூ-8பென் என்று பெயர். நான் அமெரிக்கன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் அதன் சாரம். அதைக் கொடுக்காவிட்டால் பணத்தை நிறுத்திவைப்பார்கள். வருமான வரி எண் கேட்கிற இடத்தில் நம் வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். தந்த எண்ணைப் போட்டேன். ஒப்பந்தச் சலுகை கேட்கும் பகுதி வெறுமையாகவே போனது. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. காசு செலவில்லாமல் முடிந்தது இந்த ஒரு வேலைதான்.

பணம் வந்தது என்று தளத்தில் காட்டியது. 1,920 டாலர்.

முதலில் ஏதோ தவறு என்று நினைத்துக் கேட்டு எழுதினேன். தரகர் மறுநாள் பதில் போட்டார், ஒரே ஓர் இணைப்போடு. அது கட்டண அட்டவணை. என்னுடைய சொந்தப் பக்கத்தின் வழியாக ஆள் வந்து வாங்கினால் பத்து. அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் பதிவு நிறுவனத்தின் தேடலில் பெயரைப் பார்த்து வந்தால் இருபது. என் ஆள் இரண்டாவது வழியில் வந்தவர். 480 டாலர் போயிற்று. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், எழுதித்தான் வைத்திருந்தார்கள். எங்கே எழுதினார்கள், எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினார்கள் என்பதில்தான் என் வருத்தம். அந்தக் கூட்டு வலைப்பின்னலில் பெயரைக் காட்ட வேண்டாம் என்று நிறுத்திவைக்கவும் ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. நிறுத்தியிருந்தால் இந்த ஆள் வந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். அவர் நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஏக்கர் சொந்த மரத்து ஒட்டுப்பாலை, அதாவது கட்டியாக உறைந்த ரப்பர்ப் பாலை, வாங்குகிற கடை முதலாளியான தவுக்கேயிடம் போடுவார். சின்ன வயதில் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். தவுக்கே ஒரு கட்டியை எடுப்பார், கத்தியால் வெட்டுவார், கட்டைவிரலால் அழுத்துவார். விரலிடுக்கில் தண்ணீர் கசியும். அதைப் பார்த்துவிட்டு ஒரு எண் சொல்வார். பலகையில் எழுதியிருப்பது காய்ந்த ரப்பருக்கு விலை, நம் மூட்டையில் இருப்பது ஈர ரப்பர். பாதி எடை அங்கேயே கரைந்துவிடும்.

“தண்ணி எவ்ளோ கழிச்சான்?” என்று கேட்டார் அப்பா.

இருபது விழுக்காடு என்றேன்.

“இன்னும் இருக்கும். கடைசி வரைக்கும் பாரு.”

இருந்தது. தளம் வங்கிக்கு டி.டி. (வங்கி வழிப் பணமாற்றம்) அனுப்ப 25 டாலர் எடுத்துக்கொண்டது. 1,895. நம் வங்கிக்கு வந்து சேர்ந்ததோ 1,875. அந்த 20 டாலரை நடுவில் இருந்த ஏதோ ஒரு வங்கி எடுத்திருக்கிறது. டாலர் நேராக இங்கே வருவதில்லை, இடையில் ஒரு வங்கியைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அந்த வங்கிக்கும் எனக்கும் ஒரு பேச்சும் கிடையாது. அனுப்பும்போதே எல்லாச் செலவும் அனுப்புகிறவருக்கு என்று குறிக்க ஒரு வழி உண்டாம், தளம் அதைத் தருவதில்லை. அடுத்து மாற்று விலை. கூகுளில் 4.25 என்று பார்த்துவைத்திருந்தேன். வங்கி என் டாலரை எடுத்துக்கொண்டது 4.18க்கு. ஏழு காசுதானே என்று தோன்றும், 1,875ஆல் பெருக்கினால் 131 வெள்ளி.

கணக்கில் விழுந்தது 7,827 வெள்ளி 50 காசு. மனைவியிடம் சொன்ன ஒன்பதாயிரத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் செமஸ்டருக்கு மகளின் கட்டணம் போக மீதி கொஞ்சம் நின்றது, அதோடு பேச்சு அடங்கிவிட்டது.

என்னிடம் இன்னும் ஒரு பெயர் இருக்கிறது, ஐந்தெழுத்து. போன மாதம் வேறொரு தரகர் எழுதினார், ஆறு மாதத்துக்கு அவரிடம் மட்டுமே தர வேண்டுமாம். ஒப்பந்தத்தை அச்செடுத்து மேசையில் வைத்துப் படித்தேன். நானாகவே ஆள் பிடித்து விற்றாலும் அவருக்குக் கமிஷன் உண்டு என்று ஏழாவது பத்தியில் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றும், 3,000 டாலருக்குப் போனால் எந்த வழியில் ஆள் வந்தாலும் என் வங்கிக் கணக்கில் எத்தனை டாலர் விழும் என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

வங்கிச் சீட்டைக் கடையில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தவுக்கே கடை எடைச் சீட்டைப் பார்ப்பது போல மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். 1,875ஐ 4.18ஆல் பெருக்கினால் 7,837 வெள்ளி 50 காசு வருகிறது. சீட்டில் அது இல்லை.

“இந்தப் பத்து வெள்ளி எங்கடா?”

நான் அதைக் கவனிக்கவே இல்லை. சின்ன எழுத்தில் கீழே இருந்தது, பணம் வரவு வைக்கும் கட்டணம்.