நெட் காட்சிக்கலைத் தேர்வுக்குப் போர்க்கால ஓவியர்களை நான் படித்த விதம்

கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் காட்சிக்கலை எடுத்திருப்பவர்களை முதல் உலகப் போர்க் காலப் பகுதி நன்றாகவே குழப்பும். முதல் தடவை நான் ஃபியூச்சரிசம் (வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய இத்தாலியக் கலை இயக்கம்), எக்ஸ்பிரஷனிசம் (உள்ளுணர்ச்சியை அழுத்தமாக வெளிக்காட்டும் பாணி), டாடா (போரை வெறுத்து, கலை மரபுகளைக் கேலி செய்த இயக்கம்) என்று ஒவ்வோர் இசத்துக்கும் தனி நோட்டு போட்டு, பெயர், ஆண்டு, படைப்பு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். காலவரிசைப்படுத்து, பொருத்துக என்று கேள்விகள் வந்ததும் எல்லாம் கலங்கிப்போய்விட்டது.

அடுத்த தடவை நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சார்ட் தாளில் 1914 முதல் 1918 வரை கட்டம் போட்டு, ஒவ்வோர் ஓவியரும் அந்தந்த ஆண்டில் எங்கே இருந்தார், உடம்பில் சீருடை இருந்ததா இல்லையா என்று மட்டும் எழுதினேன்.

1916-ஆம் கட்டம் நிரம்பி வழிந்தது. பிப்ரவரியில் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் காபரே வோல்டேர் என்ற கலைஞர்களின் கேளிக்கை விடுதி திறக்கிறது, டாடா அங்கேதான் பிறக்கிறது. அதே மாதம் ஜெர்மன் படையில் இருந்த எக்ஸ்பிரஷனிச ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் பீரங்கிகளை விமானங்களின் கண்ணிலிருந்து மறைக்கும் தார்ப்பாய்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார், பிரெஞ்சு ஓவியர் மானே முதல் அரூப ஓவியர் காண்டின்ஸ்கி வரையிலான பாணிகளில் அடிப்பதாக மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். மார்ச் 4-ஆம் தேதி பிரான்சின் வெர்டன் போர்முனை அருகே அவர் இறந்துவிடுகிறார். ஆகஸ்டில், போர்தான் உலகின் ஒரே சுத்திகரிப்பு என்று 1909-லேயே அறிவித்த ஃபியூச்சரிஸ்ட் கூட்டத்தைச் சேர்ந்த, தானாக முன்வந்து படையில் சேர்ந்த இத்தாலிய ஓவியர் போச்சியோனி குதிரையிலிருந்து விழுந்து சாகிறார். இதை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகு எனக்கு இந்த ஆண்டுகள் மறக்கவே இல்லை. மார்க்கும் காண்டின்ஸ்கியும் தொடங்கிய நீல குதிரைவீரன் (டெர் ப்ளாவ் ரைட்டர்) என்ற ஓவியர் குழு ஏன் தொடரவில்லை என்பதும் சார்ட்டிலேயே தெரிந்தது: குழுவைச் சேர்ந்த ஓவியர் மாக்கே 1914 செப்டம்பரிலேயே போர்முனையில் இறந்துவிட்டார், ரஷ்யரான காண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று, அப்புறம் மார்க்கும் போய்விட்டார்.

நவீன ஓவியர்கள் எல்லோரும் போரை எதிர்த்தவர்கள் என்ற எண்ணத்தோடு தேர்வுக்குப் போகாதீர்கள், நான் தவறு செய்த இடம் இதுதான். ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் தானாகவே படையில் சேர்ந்தவர், இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்தவர். 50 எட்சிங்குகள் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிடும் படங்கள்) கொண்ட அவருடைய 'டெர் க்ரீக்' (போர்) தொகுப்பு வந்தது 1924-இல். பதுங்குகுழியில் அவர் கண்டது தாளுக்கு வர அத்தனை காலம் ஆகியிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பாருங்கள், ஆண்டு தானாக நினைவில் நிற்கும்.

டாஸில் கப்பல்களை, அதாவது போர்க்காலத்தில் கோணல்மாணலான கோடுகளும் பட்டைகளும் தீட்டப்பட்ட கப்பல்களை, சுருக்கமாகப் படித்தால் போதும். அந்தக் கோடுகளும் பட்டைகளும் கப்பலை மறைப்பதற்காக அல்ல, அது போகும் திசையையும் வேகத்தையும் எதிரி நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவன் தவறாகக் கணிப்பதற்காக. இந்த வேறுபாடு முக்கியம்.

சார்ட்டின் வலது ஓரத்தில், 1918-க்குப் பிறகு வருபவற்றுக்காக, மட்டும் நிறைய இடம் விட்டு வையுங்கள். நான் விடாததால் ஜெர்மன் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸுக்காகத் தனித் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. அவருடைய மகன் பீட்டருக்கு 18 வயது. படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும், அவர் தயங்கினார், மகனுக்காகப் பரிந்து பேசியவர் கேத்தே. 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் பையன் இறந்தான். மண்டியிட்டிருக்கும் தாய், தந்தை சிற்பங்களை கேத்தே முடித்து, பீட்டர் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் வைத்தது 1932-இல். என் சார்ட்டில் 1914-இலிருந்து அந்த ஒட்டுத்தாள் வரை சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், அதிலேயே நீளமான கோடு அதுதான்.