தனியாக இனிக்காத சேர்மங்கள்

சுவை ஆய்வகத்தில் வேலை என்றதும், நாள் முழுக்க எதையாவது ருசி பார்த்துக்கொண்டிருப்போம் என்றே பலரும் நினைக்கிறார்கள். புதிய இனிப்புச் சேர்மங்களைத் தேடும் இந்த வேலையில் நான் பார்ப்பது கண்ணாடித் திரையில் எழும்பி இறங்கும் கோடுகளைத்தான். சாக்கரின் என்ற செயற்கை இனிப்பூட்டியின் இனிப்பு 1879-ல் ஒரு வேதியியலாளரின் கையில் ஒட்டியிருந்து தெரியவந்தது. ஆஸ்பர்டேம் என்ற இன்னொன்றின் இனிப்பு 1965-ல் ஒருவர் விரலை நக்கியபோது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரு புரதங்களின் ஜோடி என்பது 2001-ல் தெளிவான பிறகே, தற்செயலை நம்பாமல் தேடித் தேடிக் கண்டுபிடிக்கும் வழி திறந்தது.

அந்த ஜோடியின் மரபணுக்களை ஆய்வகத்தில் வளரும் ஹெச்இகே 293 என்ற மனித செல்களில் ஏற்றி, 384 குழி பிளேட்டில் வளர்க்கிறோம். கால்சியம் கூடினால் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டு, குழிக்கு ஒரு சேர்மமாகச் சேர்க்கிறோம். ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் கூடி, சில நொடிகளில் ஒளியைக் காட்டும் கோடு எழும்பும். எவ்வளவு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

எழும்புவதெல்லாம் இனிப்பு அல்ல. சில சேர்மங்கள் தாமே ஒளிரும். சில, வேறு வழியில் செல்லைத் தூண்டிவிடும். அதனால் ஏற்பி இல்லாத செல்களிலும் போட்டுப் பார்ப்போம். அடுத்து லாக்டிசோல். அது மனித டி1ஆர்3-இல் உட்கார்ந்து இனிப்பை அடக்கும். அதைச் சேர்த்ததும் கோடு படுத்துவிட்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

என் மனம் லயிப்பது இனிப்புக்கூட்டிகளில். சர்க்கரை வந்து அமரும் டி1ஆர்2-இன் வெளிப்பகுதி, பூச்சி பிடிக்கும் செடியின் இலைபோல மூடிக்கொள்ளும். இனிப்புக்கூட்டிகளான சில சேர்மங்கள் பக்கத்திலேயே அமர்ந்து, மூடியது திறந்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. தனியாகப் போட்டால் அவற்றால் கோடு அசையவே அசையாது. கோட்டைக் கொஞ்சமே உயர்த்தும் அளவு சர்க்கரையுடன் சேர்த்துப் போட்டால் சட்டென்று எழும். தனியாக மட்டும் சோதித்திருந்தால் இவை குப்பைக்குப் போயிருக்கும். குறைந்த சர்க்கரையில் அதே இனிப்பைத் தரக்கூடியவை இவைதான் என்பதால், சர்க்கரை சேர்த்த பிளேட்டை ஒருநாளும் தவிர்க்கக் கூடாது என்பேன்.

இனிப்பு ஏற்பி மட்டும் உள்ள செல்லுக்குக் கசப்பு தெரியாது. சாக்கரின் டாஸ்2ஆர்31, டாஸ்2ஆர்43 என்ற கசப்பு ஏற்பிகளையும் தூண்டுகிறது. அதன் பின்கசப்புக்கு அதுவே காரணம். பாதுகாப்புச் சோதனை முடிந்து ருசிக்குழுவிடம் போன பிறகு இது தெரிந்தால் பல மாத உழைப்பு வீண். கசப்பு ஏற்பி உள்ள செல்களையும் முதல் சுற்றிலேயே சேர்த்து ஓட்ட வேண்டும் என்று கூட்டங்களில் விடாமல் கேட்கிறேன். செலவு கூடும்தான். கூடினாலும் பரவாயில்லை.