அப்பாவின் விப்பிள் ஆபரேஷன்: துளை போட்டா, வயிற்றைத் திறந்தா?

அப்பாவின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தவர் பால்காரர். வீட்டில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. காமாலை என்றதும் எங்கள் ஊரில் அடுத்த பேச்சு கீழாநெல்லிதான். பன்னிரண்டு நாள் மோரில் அரைத்துக் குடித்தார், உப்பில்லாப் பத்தியம் இருந்தார். மஞ்சள் கூடிக்கொண்டே போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டு மட்டும் இருந்தார். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டதை அம்மாவிடம்கூடச் சொல்ல வெட்கம். மதுரையில் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். வலியில்லாத காமாலை, அரிப்பு, வெளுத்த மலம் மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டுமாம். நாங்கள் பன்னிரண்டு நாளை மோரில் கரைத்திருந்தோம்.

சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் முடிந்து தெரிந்தது இது: பித்தக் குழாயும் கணையக் குழாயும் சிறுகுடலில் வந்து திறக்கும் வாயில் ஒரு கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய். ஆனால் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய்களைத் தொடவில்லை, கல்லீரலுக்குப் போகவில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். காமாலை இறங்குவதற்காக முதலில் பித்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய், வைத்தார்கள். அதற்கப்புறம் கட்டியோடு கணையத்தின் தலையையும் அதை ஒட்டிய பகுதிகளையும் எடுக்கும் விப்பிள் ஆபரேஷன். 1935ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க சர்ஜன் ஆலன் விப்பிளின் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் கோயம்புத்தூர் மாமா போன் பண்ணினார். "எதுக்கு மாப்ளே வயித்தைக் கிழிக்கணும்? துளை போட்டே எடுத்துடலாம்ல?" மாமா பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியே பார்த்து, ஆபரேஷன் செய்துகொண்டு, மறுநாள் வீட்டில் இட்லி சாப்பிட்டவர். அவர் சொன்னது வெறும் பேச்சும் இல்லை. கோவையில் டாக்டர் பழனிவேலு குழுவினர் விப்பிளையே துளை வழியாகச் செய்கிறார்கள். 64 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு 2017ல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் இடைநிலை அளவு துளை போட்டவர்களுக்கு 7, திறந்து செய்தவர்களுக்கு 13. நான் அதை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சர்ஜனைப் பார்க்கப் போனேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிதான், அவங்க நல்லா செய்றாங்க" என்றார். அப்புறம் நெதர்லாந்தில் இதே ஒப்பீட்டைப் பல ஆஸ்பத்திரிகளில் செய்யப்போய் பாதியில் நிறுத்திய கதையைச் சொன்னார். 2019ல் வந்தது. துளை வழி செய்த 50 பேரில் 5 பேர் 90 நாளுக்குள் சிக்கல்களால் இறந்தார்கள், திறந்து செய்த 49 பேரில் ஒருவர். பித்தப்பையை வெட்டி எடுத்தால் வேலை முடிந்தது. விப்பிளில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் பாதி வேலை. மிச்சமிருக்கும் கணையம், பித்தக் குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு திரும்ப இணைக்க வேண்டும். அப்பாவின் கணையக் குழாய் 3 மில்லிமீட்டர். பனீரில் தையல் போடுவது மாதிரி என்றார். "திறந்து இருநூறுக்கு மேல செஞ்சிருக்கேன். துளை வழியா ரொம்பக் கொஞ்சம். பழகின வேலையை உங்க அப்பாவுக்குச் செய்யட்டுமா, பழகிக்கிட்டிருக்கிற வேலையைச் செய்யட்டுமா?"

சட்டைப் பையிலிருந்த காகிதத்தை நான் எடுக்கவே இல்லை. மாமா ஒரு வாரம் பேசவில்லை.

ஆறரை மணி நேரம் ஆனது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளைத் தாண்டிக் கீறல். முதுகில் வலி மருந்துக் குழாய் இருந்ததால் இரண்டாம் நாளே பிடித்து நடக்க வைத்தார்கள். இருமல் வந்தால்தான் உயிர் போகும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார் நர்ஸம்மா. மூன்று பந்து ஏறும் மூச்சுக் கருவியில் அப்பா ஒன்றரைப் பந்துக்கு மேல் ஏற்றியதில்லை.

ஆனால் எங்களைப் படுத்தியது கீறல் இல்லை, வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே பைக்குக் கொண்டுவரும் டிரெயின் குழாய். மூன்றாம் நாள் அதில் வந்த நீரைச் சோதித்ததில் கணையம் சுரக்கும் நொதியான அமைலேஸ் எகிறியிருந்தது. கணையத்தை ஒட்டிய இடத்தில் கசிவு. துளை போட்டிருந்தாலும் அதே கணையம், அதே தையல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் பையில் எத்தனை மில்லி என்பதுதான் வீட்டில் முதல் பேச்சு.

பக்கத்து அறையில் ஒரு பெண்ணுக்குக் கணையத்தின் வாலில் நீர்க்கட்டி. மண்ணீரலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்ததால் இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகள் போட்டு, லேப்ராஸ்கோப்பில் செய்தார்கள். செய்தது எங்கள் சர்ஜன்தான்! வால் பக்கம் எடுத்தால் குடலோடு திரும்ப இணைக்க எதுவும் இல்லை, அதனால் துளை வழி அங்கே நன்றாகவே ஒத்துவருகிறது. அந்தப் பெண் ஐந்தாம் நாள் கிளம்பியபோது அப்பா சொன்னார்: "எனக்கப்புறம் வந்த புள்ள, எனக்கு முன்னால போகுது."

நாங்கள் பதினாறாம் நாள் டிரெயின் பையோடு வீட்டுக்கு வந்தோம். அதை எடுக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. கணையம் குறைந்துவிட்டதால் கொடுத்த செரிமான நொதி மாத்திரையை அப்பா சாப்பிட்டு முடித்ததும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மலம் எண்ணெயாக மிதந்தது, எடையும் இறங்கியது. முதல் வாயோடு ஒன்று, சாப்பாட்டுக்கு நடுவில் ஒன்று என்று டாக்டர் திருத்திய பிறகுதான் உடம்பு தேறியது. அப்புறம் கீமோ ஆறு மாதம். அது தனிக் கதை.

போன மாதம் மாமா பெண்ணின் கல்யாணப் பந்தியில் அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்து மாத்திரையை எடுத்தார். பக்கத்து இலைக்காரர் "சுகரா?" என்று கேட்க, அப்பா "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.