காஸ் அடிக்க முதல்

ஜூன் மாதம் வெயில் ஏறினதும் ரொறன்ரோ வட்டாரத்தில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடமிருந்து ஏசி திருத்தும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "தம்பி, மேல ஏசியில காஸ் குறைஞ்சிட்டுது போல. ஒருக்கா வந்து அடிச்சு விடுங்கோ." போன வருடமும் யாரோ வந்து அடித்திருப்பார். அதற்கு முந்தின வருடமும் அடித்திருப்பார். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று கனநாளாக மனதில் இருந்தது.

ஏசிக்குள் இருக்கும் காஸ் எரிந்து தீரும் சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். ஓட்டை இல்லாவிட்டால் 15 வருடம் ஓடினாலும் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த இடத்தைத் தேடி அடைக்காமல் மேலே நிரப்பினால் நிரப்பினதும் ஒழுகிப் போகும். ஆனால் நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. குளிரவில்லை என்று கூப்பிடும் கடைகள் பலவற்றில் காஸ் சரியாகவே இருக்கிறது. குறைந்திருப்பது காற்று.

இங்கே பிளாசாக்களின் கூரை தட்டையானது. கடைக்கு ஒன்று என்று மேலே தகரப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். சின்னக் கடைக்கு 3 தொன், 5 தொன். இந்தத் தொன் எடை இல்லை, குளிரவைக்கும் திறனின் அளவு. பெரிய சாப்பாட்டுக் கடைக்கு 10 தொன், அதற்கு மேலும். ஒரே பெட்டிக்குள் கோடைக்கு ஏசி, குளிர்காலத்துக்கு இயற்கை எரிவாயுவில் ஓடும் ஹீட்டர், இரண்டுக்கும் பொதுவாகக் காற்றை இழுத்துத் தள்ளும் ஒரு புளோவர். பல வாடகை ஒப்பந்தங்களில் இந்தப் பெட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு கடைக்காரர் தலையில்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் கண்ணில் படாத சாமான் என்பதால், பழுதாகும்வரை பலருக்கு அதன் நினைப்பே வருவதில்லை.

நான் போனதும் நேரே ஏணியைச் சாத்த மாட்டேன். முதலில் கடைக்குள் போய், காற்றை உள்ளே இழுக்கும் கிரில்லிலும் குளிர் வரும் வாயிலும் வெப்பநிலை பார்ப்பேன். கனடாவில் வானிலையைச் செல்சியஸில் பேசினாலும் எங்கள் தொழிலில் இன்னும் பாரன்ஹீட்தான். இரண்டுக்கும் 18 முதல் 20 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. 25க்கு மேல் போனால் காற்றுப் போதவில்லை என்று அங்கேயே சந்தேகம் வந்துவிடும். சில கடைகளில் இழுக்கும் கிரில்லை மறைத்து மேல்தட்டுவரை பெட்டி அடுக்கியிருப்பார்கள். அதை நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த இடங்களும் உண்டு.

கூரைக்கு ஏறியதும் முதல் வேலை மின்சாரத்தைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போடுவது. இங்கே வணிகக் கட்டடங்களில் 600 வோல்ட், மூன்று பேஸ் என்பது சாதாரணம். பூட்டின பிறகும் மீற்றரை வைத்து மூன்று கம்பியையும் பார்க்காமல் உள்ளே கை விட மாட்டேன். கூரை விளிம்போரம் இருக்கும் பெட்டி என்றால் பாதுகாப்புக் கயிறு மாட்டாமல் கிட்டப் போவதும் இல்லை.

அப்புறம் பில்டர். 20க்கு 20, 16க்கு 25 என்று அங்குல அளவில் நாலோ ஆறோ இருக்கும். உடுப்புக் கடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சலூனில் முடித்தூள், நகக் கடையில் தூசு, கொத்துரொட்டி போடும் கடையில் எண்ணெய்ப் புகை. அங்கெல்லாம் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பில்டர் அடைத்துப் போனாலும் புளோவர் விடாமல் இழுக்கும். ஈரம் பட்டதும் அட்டைச் சட்டம் வளைந்து, கழன்று, காற்றைக் குளிரவைக்கும் குழாய்த் தொகுதியான கொயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் தூசு முழுக்க நேரே கொயிலுக்குத்தான்.

"காஸ் குறைஞ்சிட்டுது" என்ற கதை தொடங்குவது இங்கேதான். தொன் ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்றுக் கொயிலைக் கடந்து போக வேண்டும். அது பாதியானால் உள்ளே ஓடும் காஸுக்கு உறிஞ்ச வெப்பம் கிடைக்காது, அழுத்தம் இறங்கும். ஆர்-410ஏ காஸ் 118 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 40 டிகிரி பாரன்ஹீட்டில் கொதிக்கும். 100 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கினால் தண்ணீர் உறையும் 32 டிகிரிக்கு வந்துவிடும். கொயிலில் பனி கட்டும், அந்தப் பனி மிச்சக் காற்றையும் அடைக்கும். இந்த நேரத்தில் ஒருவர் வந்து அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினால், இந்தப் பக்க அழுத்தத்தைக் காட்டும் நீல முள் கீழே கிடக்கும். உண்மையிலேயே காஸ் குறைந்தாலும் முள் அப்படித்தான் கிடக்கும். பில்டர் கதவைத் திறந்து பார்க்காமல் சிலிண்டரைத் திறந்தால் முள் மேலே வரும், கடையும் கொஞ்சம் குளிரும், எல்லாருக்கும் சந்தோஷம்.

பிறகு யாராவது பில்டரை மாற்றிக் காற்றைச் சரிசெய்யும்போது உள்ளே காஸ் அளவுக்கு மேல் இருக்கும். வெயில் ஏறிய பகலில் மறுபக்க அழுத்தம் எகிறி, பாதுகாப்பு சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்தும். அதைவிட மோசம், ஆவியாகாத திரவம், காஸை அழுத்தித் தள்ளும் கொம்பிரசருக்குள் போய் அங்கே இருக்கும் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். ஒரு கொம்பிரசர் மாற்றும் செலவுக்குப் பல வருடம் பில்டர் வாங்கலாம். அதனால்தான் கேஜை நான் கடைசியாகப் பையிலிருந்து எடுக்கிறேன். மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காஸ் வெளியே போகும், வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பரும் தேயும்.

கடையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடும் வெளிப்பக்கக் கொயிலுக்கு வருவோம். ரொறன்ரோவில் ஜூன் மாதம் கொட்டன்வுட் மரத்துப் பஞ்சு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூரையில் இருக்கும் விசிறிகள் அதை இழுத்துக் கொயிலில் ஒட்ட வைத்துவிடும். போன ஜூனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் ஏறினேன். மத்தியான நேரத்தில் ஏசி நின்று நின்று போகிறது என்று அழைப்பு. கொயிலின் அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் விரல் தடிப்புக்கு ஒரு படை. சமையலறைப் புகைபோக்கி பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து வந்த எண்ணெய் பஞ்சைப் பிடித்து வைத்திருந்தது. மூலையில் நகத்தை விட்டு உரித்தேன், தாளாக உரிந்து வந்தது.

கடைக்கார அண்ணையும் பின்னால் ஏறி வந்துவிட்டார். "இதெல்லாம் பிறகு பாக்கலாம் தம்பி, முதல்ல காஸை அடியுங்கோ" என்றார். அவருக்குக் காட்டுவதற்காகவே அன்று கேஜை முதலில் மாட்டினேன். மறுபக்க அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு முள் 560 பிஎஸ்ஐயில் நின்றது. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றினேன். அந்த மாதிரிப் பெட்டியில் கொயில் இரண்டு அடுக்கு. திருகாணியைக் கழற்றிப் பிரித்தால்தான் நடுவில் சிக்கின அழுக்குத் தெரியும். பிரிக்காமல் வெளியே மட்டும் தண்ணீர் அடித்துவிட்டுப் போவார்கள், அழுக்கு இன்னும் உள்ளே இறங்கி இறுகும். எண்ணெய்க்கு ஏற்ற கொயில் கிளீனரைத் தெளித்து, ஊறவிட்டு, உள்ளேயிருந்து வெளியே பார்த்து சாதாரணத் தோட்டக் குழாயால் கழுவினேன். கார் கழுவும் பிரஷர் வாஷரைக் கொண்டு வந்தால் தகடுகள் மடிந்து கொயில் நாசம். கழுவ முக்கால்வாசி மத்தியானம் போனது. திரும்ப ஓடவிட்டபோது அதே வெயிலில் சிவப்பு முள் 390க்கு இறங்கி நின்றது. ஒரு துளி காஸ் சேர்க்கவில்லை. அண்ணை முள்ளைக் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

புளோவர் பெல்ட்டையும் சும்மா அழுத்திப் பார்த்துவிட்டு விடக் கூடாது. பக்கவாட்டில் பளபளப்பு ஏறியிருந்தால் அது வழுக்குகிறது. கப்பியின் பள்ளம் தேய்ந்து பெல்ட் அடியில் போய் உட்கார்ந்திருந்தால் புது பெல்ட் போட்டும் பயனில்லை. கப்பியையும் மாற்ற வேண்டும். பிளாசாவில் யாராவது மின்சார வேலை செய்திருந்தால் மோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கட்டாயம் பார்ப்பேன். மூன்று பேஸில் இரண்டு கம்பி இடம் மாறினால் புளோவர் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் காற்று வரும், ஆனால் குறைவாக வரும். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வராது.

கொயிலில் வடியும் தண்ணீர் வெளியே போகும் குழாயில் யூ வடிவ வளைவு ஒன்று இருக்க வேண்டும், அதில் தண்ணீரும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் புளோவரின் இழுப்பு தண்ணீரைத் தட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டு நிரம்பிக் கடைக்குள் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரரைக் கூப்பிட்டு, தார் பூசி, காசு கொடுத்த பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். மழையே இல்லாத நாளில் ஒழுகினால் முதலில் இந்தக் குழாயைப் பாருங்கள்.

குளிர்காலத்திலும் அதே காற்றுக் கதைதான். "ஹீட் வருது, பிறகு நிக்குது, பிறகு வருது" என்றால் பலமுறை காரணம் அடைத்த பில்டர். காற்றுப் போதாமல் எரிகுழாய் அளவுக்கு மேல் சூடாகும். லிமிட் சுவிட்ச் எரிவாயுவை நிறுத்தும். ஆறினதும் திரும்பப் பற்றும். இப்படிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கடைசியில் குழாய் உலோகத்தில் வெடிப்பு விழும். வெடிப்பு இருந்தால் புளோவர் தொடங்கினதும் சுடர் ஆடத் தொடங்கும். அது கார்பன் மொனொக்சைட் கடைக்குள் வரக்கூடிய நிலைமை. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒன்ராறியோவில் எரிவாயு உரிமம் உள்ளவர்தான் இந்தப் பகுதியில் கை வைக்கலாம். உடனடி ஆபத்து என்று கண்டால் எரிவாயுவை மூடி எச்சரிக்கை அட்டை மாட்டிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

ஒரு தை மாதம், பிள்ளைகள் வரும் டியூஷன் வகுப்பொன்றின் மேலே அப்படி மூடினேன். நடத்துகிற அக்கா அழாத குறை. "பரீட்சை வருது தம்பி, இந்தக் கிழமை மட்டும் விடுங்கோ." விட முடியாது. அன்றைக்கு அவருக்கு என் மேல் கோபம், அது எனக்கு விளங்கியது. மின்சார ஹீட்டர் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன், வகுப்பை வேறு அறைக்கு மாற்றினார்கள். அந்த மூடலில் எனக்கு இன்றும் ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு அதற்கு முந்தின வருடங்களிலும் யாரோ வந்து "செர்விஸ்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹீட்டர் பக்கக் கதவின் திருகாணிகளில் துரு அப்படியே இருந்தது.

உங்கள் கடைக்கு ஆள் வந்தால் என்ன கேட்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே போகும் காற்றும் வரும் காற்றும் எத்தனை டிகிரி, மோட்டர்கள் எத்தனை ஆம்ப் இழுக்கின்றன, இரண்டு கொயிலின் படம். இவ்வளவு போதும். காஸ் அடிக்க வேண்டும் என்றால், எங்கே ஒழுகுகிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒழுகும் இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், சவர்க்கார நுரை வைத்தால் குமிழி வரும். அடைத்த பிறகு வெற்றிடம் இழுத்து, பெட்டியின் தகட்டில் எழுதியிருக்கும் எடைக்கு நிறுத்துப் போட வேண்டும். ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் போனால் 2000 கிலோவுக்கு மேல் கார்பன் டயொக்சைட் விட்டதற்குச் சமம், சும்மா ஊற்றி ஊற்றி விடுகிற சாமான் இல்லை. புதுப் பெட்டிகளில் ஆர்-32, ஆர்-454பி வரத் தொடங்கிவிட்டன. லேசாகத் தீப்பற்றக்கூடிய வகை. பழைய பெட்டிக்குள் இதைக் கலக்க யாரையும் விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் பெல்ட் இலக்கம், பில்டர் அளவு, திகதி மூன்றையும் கதவின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவிட்டுத்தான் மூடுவேன். எல்லாத் திருகாணியும் போட வேண்டும். இரண்டோடு விட்டால் காற்றுக்குக் கதவு பறந்து கார்த் தரிப்பிடத்தில் விழும். ஹீட்டர் பார்க்க வேண்டியவர்கள் செப்டம்பரிலேயே நாள் குறியுங்கள். முதல் குளிர் இரவுக்கு மறுநாள் எல்லாக் கடைகளும் ஒன்றாகத்தான் கூப்பிடும்.