என்.ஐ.டி. வடிவமைப்பு நுழைவுத் தேர்வின் மெயின்ஸில் மாடல் செய்யப் போகிறவர்களுக்கு: கோந்தைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் என்.ஐ.டி.யின் எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) படிப்புக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. பொம்மை, விளையாட்டு வடிவமைப்புப் பிரிவு, காந்திநகர் வளாகம். என் பெயர் இருக்கிறது. பக்கத்தை மூன்று முறை மூடித் திறந்து பார்த்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். "என்.ஐ.டி.ன்னா திருச்சியா?" என்று கேட்டார் சித்தப்பா. இல்லை, 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம்.

முதல் கட்டத் தேர்வான பிரிலிம்ஸ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அடுத்த கட்டமான மெயின்ஸில் கையால் மாடல் செய்யும் பகுதியை மட்டும் எழுதுகிறேன். போன வருடம் நான் விழுந்தது அங்கேதான்.

கேள்வியை அப்படியே எழுதுவது சரியாகப் படவில்லை. கையில் கிடைத்தவை: கெட்டி அட்டை, மெல்லிய கம்பி, ஐஸ் குச்சி, நூல், கோந்து. நான் உடனே வெட்டத் தொடங்கிவிட்டேன். நீண்ட கழுத்துள்ள ஒரு பறவை. வளைவெல்லாம் அழகாக வந்திருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் கழுத்தை ஒட்டினேன். மேசையில் வைக்கச் சொன்னார்கள், தூக்கினேன். கழுத்து மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து கழன்றுவிட்டது. உள்ளே கோந்து இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அதற்கு முன் இரண்டு மாதம் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்தேன். தாமரை, மயில், பட்டாம்பூச்சி என்று பத்து மாடல்களை மனப்பாடமாகச் செய்ய வைத்தார்கள். துண்டுகள் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று ஒரு நாள்கூடச் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

தோற்ற பிறகு எட்டு மாதம் கோவை கணபதியில் பெரியப்பாவின் பேட்டர்ன் பட்டறையில் உட்கார்ந்தேன். உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிக்காரர்கள் மணலில் அச்செடுக்க மரத்தில் செய்து கொடுப்பதுதான் பேட்டர்ன். முதல் நாள் அவர் கொடுத்த ஸ்கேலில் அளந்து ஒரு துண்டு வெட்டினேன். வீட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அளவு கூடுதலாக இருந்தது. அது கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதனால் கோடுகளையே அந்த அளவுக்கு நீட்டிப் போட்டிருப்பார்கள். அலுமினியத்துக்கு வேறு ஸ்கேல்.

எனக்கு அதைவிட உதவியது இன்னொன்று. வரைபடம் வந்தால் பெரியப்பா உளியைத் தொடமாட்டார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "கண்ணு, மொதல்ல இது எங்க பிரியும்னு பாரு. மண்ணுல இருந்து வெளிய வரலைன்னா எத்தனை அழகாச் செஞ்சு என்ன பண்றது?" என்பார். பேட்டர்ன் இரண்டாகப் பிரியும் கோட்டை முடிவு செய்து, மணலைப் பெயர்க்காமல் உருவி எடுக்கச் சுவர்களுக்குக் கொஞ்சம் சரிவு கொடுத்த பிறகுதான் மரத்தை எடுப்பார்.

இந்த வருடம் தேர்வில் நான் மாற்றியது இது ஒன்றைத்தான். முதல் பத்து நிமிடம் வெட்டவே இல்லை. எத்தனை துண்டு, எங்கே சேரும், கோந்து இல்லாமல் எப்படி நிற்கும் என்று காகிதத்தில் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சரசரவென்று வெட்டும் சத்தம் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் உட்கார்ந்தேன். நான் இயல்பிலேயே மெதுவாக வேலை செய்கிறவன். கை வேகம் உள்ளவர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் விட்டுவிடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- இரண்டு அட்டையிலும் பாதிவரை பிளவு வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். பிளவின் அகலம் அட்டையின் தடிமன் அளவுதான் இருக்க வேண்டும். லூசாக இருந்தால் ஆடும்.
- அட்டைப்பெட்டி அட்டைக்கு உள்ளே வரி ஓடும். வரியின் திசையில் எளிதாக மடியும், குறுக்கே மடித்தால் நசுங்கும். எடை தாங்கும் துண்டில் வரி செங்குத்தாக நிற்கட்டும்.
- மடிப்புக்கு ஹாஃப் கட் போடுங்கள். மேல்தாள் மட்டும் வெட்டுப்பட வேண்டும்.
- தெர்மோகோலில் ஃபெவிக்விக் வைக்காதீர்கள், அரித்துவிடும்.
- ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். கட்டர் கத்தியின் முனை மழுங்கியதும் அந்த நுனியை மட்டும் உடைத்துவிடுங்கள்.
- எல்லாவற்றையும் ஒட்டாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தூக்கி, கவிழ்த்து, மறுபடி வையுங்கள். நின்றால் மட்டும் கோந்து.

பயிற்சிக்கு எனக்குப் புத்தகங்களைவிடத் தஞ்சாவூர் நடனப் பொம்மை அதிகம் உதவியது. வீட்டில் ஷோகேஸில் இருந்ததைக் கழற்றினேன். பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றும் கீழே இருப்பதன் கம்பி முனையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒட்டவே இல்லை. அதனால்தான் லேசாகத் தொட்டாலே ஆடுகிறது. அதே முறையில் அட்டையிலும் கம்பியிலும் இருபது பொம்மைகள் செய்தேன். ஏழெட்டுதான் ஒழுங்காக ஆடின. ஆடாதவற்றையும் படம் எடுத்து, ஏன் ஆடவில்லை என்று எழுதி, என் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் சேர்த்தேன்.

வடிவமைப்பு முதுகலைக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. போக நினைப்பவர்களுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே தேர்வின் இரண்டாம் பகுதியான பார்ட் பி-இல் தாளில் வரைந்தும் எழுதியும்தான் விடை தர வேண்டும். ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி தங்கைகள் வேர்ல்ட் ஸ்கில்ஸ் என்ற உலகத் தொழில்திறன் போட்டியைத் தேடிப் பாருங்கள். 2017 அபுதாபியில் அதன் புரோட்டோடைப் மாடலிங் (மாதிரி செய்யும்) பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. பொதுவாக 22 வயதுக்கு மேல் போட்டியிட முடியாது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். மாடல் மேக்கர் ஆக டிசைன் பட்டம் மட்டும்தான் வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரியப்பா எட்டாம் வகுப்பு.

நேர்காணலில் என் வரைபடங்களை வேகமாகப் புரட்டினார்கள். ஒரு பேராசிரியர் மட்டும் அட்டைப் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "இதில் எங்கே ஒட்டியிருக்கிறாய்?" என்று இந்தியில் கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். செருகியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மேசையில் வரிசையாக வைத்தார், பிறகு என்னிடம் கேட்காமலே எல்லாவற்றையும் சரியாக மாட்டிவிட்டுப் பொம்மையின் தலையை விரலால் ஒருமுறை தட்டினார்.