ஓ.பி. மேசைக்கு வந்து சேரும் சுற்றறிக்கைகள்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டருக்குப் புதுத் தகவலுக்குப் பஞ்சமே கிடையாது. தேனாம்பேட்டையில் இருக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பும். மாவட்டம் அதற்கு மேல் ஒரு கடிதம் வைத்து அனுப்பும். வட்டாரத்தில் அதையே வாட்ஸ்அப்பில் போட்டு, படித்தவர்கள் கட்டைவிரல் காட்டவும் என்பார்கள். எல்லாரும் காட்டுவோம். படித்தோமா என்பது வேறு விஷயம். காய்ச்சல் காலத்தில் ஓ.பி. வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும்போது யார் உட்கார்ந்து பதினெட்டுப் பக்க பி.டி.எஃப். படிப்பது?

நான் எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். இதைப் படித்தபின் அடுத்து வரும் நோயாளியிடம் புதிதாக என்ன கேட்பேன், அவர் உடம்பில் புதிதாக எங்கே பார்ப்பேன்? இதற்குப் பதில் இருந்தால் அந்தக் காகிதம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போகும். இல்லாவிட்டால் ஃபைலுக்கு.

கண்ணாடிக்கு அடியில் நிரந்தரமாக இடம் பிடித்தது ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. எங்கள் வேலூர்ப் பக்கம் மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில்தான் அதிகம் பார்ப்போம். சாதாரணக் காய்ச்சல் போலவே ஆரம்பிக்கும். நாம் வழக்கமாக எழுதும் அமாக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது, விலை கூடிய செஃபலோஸ்போரின் ஊசியும் செய்யாது. ஒரு வாரம் தாண்டிவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கும். ஆனால் சரியான நேரத்தில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இரண்டுமே நம் பார்மசியில் இருக்கும் மாத்திரைகள்தான்.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். எல்லாருக்கும் இருக்காது, ஆனால் காய்ச்சலோடு அது இருந்தால் பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ்தான். சிக்கல் என்னவென்றால் அது வலிக்காது, அரிக்கவும் செய்யாது. அதனால் நோயாளியே சொல்ல மாட்டார். அக்குளில் இருக்கும், தொடை இடுக்கில் இருக்கும், மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால்கூட இருக்கும். நாம் தேடிப் போனால்தான் உண்டு.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார். கடைத்தெரு கிளினிக்கில் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை.

"எத்தன நாளாம்மா காய்ச்சல்?"

"ஆறு நாளா வுட்டு வுட்டு வருது டாக்டரம்மா. மண்ட இடி தாங்கல."

"உடம்புல எங்கனா புண்ணு, பொருக்கு மாதிரி இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே."

ஸ்டாஃப் நர்ஸ் அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். இரண்டு நிமிஷத்தில், "மேடம், ஒரு நிமிஷம் வாங்க" என்று குரல் வந்தது. இடது மார்புக்கு அடியில் இருந்தது, பயறு அளவு. "இதுவா? சூட்டுக் கட்டி உடஞ்சு காஞ்சு போச்சுன்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. ரத்தம் எடுத்து, நோய்க்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா பரிசோதனைக்கு அனுப்பினோம், ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. முதல் வாரத்தில் அந்தப் பரிசோதனை நெகட்டிவ் காட்டினாலும் காட்டும். மாத்திரையை அன்றைக்கே ஆரம்பித்தோம்.

2025 ஜனவரியில் வட மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் கூடுகிறது என்று இயக்குநரகம் எச்சரிக்கை விட்டபோது எங்கள் நிலையத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. திரை மட்டும் இன்னொன்று கேட்டேன். ஒரே திரை இருக்கும் ஓ.பி.யில் யாரை எப்படி முழுசாகப் பார்ப்பது? எந்தச் சுற்றறிக்கையும் திரையைப் பற்றிப் பேசுவதில்லை.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரும் நிபா வைரஸ் வந்தபோது வேறு விதமான பாடம். பேராம்பிரா பக்கம் ஒரே குடும்பத்தில் ஒருவர் இறந்திருக்க, அவருடைய சகோதரர் காய்ச்சலோடும் குழப்பமான நினைவோடும் தனியார் மருத்துவமனைக்கு வருகிறார். "வீட்டில் வேறு யாருக்காவது இதே மாதிரி இருந்ததா?" என்ற கேள்வியில் இருந்துதான் அங்கிருந்த டாக்டர்களுக்குப் பொறி தட்டியது. மாதிரி மணிப்பாலுக்குப் போனது, பிறகு புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதி செய்தது. அதற்குள் முதல் நோயாளியைக் கவனித்த தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினிக்கும் தொற்றிவிட்டது. மே 21 அன்று அவர் இறந்தார். அந்தப் பரவலில் 17 பேர் போனார்கள். அதில் நிறையப் பேருக்குத் தொற்று வந்தது மருத்துவமனைக்குள்ளேயேதான்.

எல்லையின் இந்தப் பக்கம் எங்களுக்கு வந்த காகிதங்களில் வௌவாலும் கடித்த பழமும் பெரிதாக இருந்தன. தொலைக்காட்சியிலும் அதுவே. எனக்கு உபயோகப்பட்டது கீழே இருந்த இரண்டு வரிகள்: காய்ச்சலோடு நினைவு தடுமாறி வருபவரிடம் கடந்த 21 நாளில் எங்கே போனார், யாரைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேளுங்கள், பார்க்கும் முன் முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். கோழிக்கோட்டில் டாக்டர்கள் தாங்களாகக் கேட்ட கேள்வியின் விரிவுதான் அது. வௌவாலை மக்களுக்குச் சொல்லலாம், வார்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கையுறையை.

கொரோனா காலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. வழிகாட்டுதல் வாரத்துக்கு ஒன்றாக மாறியது. மாறுகிறதே என்று மக்கள் கோபப்பட்டார்கள், சில டாக்டர்களும். எனக்கு அதில் கோபம் இல்லை. புது நோய் என்றால் மாறத்தான் செய்யும். 2020 மார்ச்சில் சுகாதாரப் பணியாளர்கள் ஹைட்ராக்ஸி குளோரோகுயின் சாப்பிடச் சொன்னார்கள், பின்னால் அது காணாமல் போனது. பிளாஸ்மா சிகிச்சையை 2021 மே மாதம் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். அதெல்லாம் சரி. என்ன மாறியது என்று முதல் பக்கத்தில் சொல்லாமல், பழையதையும் புதியதையும் நாமே பக்கத்தில் வைத்து ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததுதான் எரிச்சல்.

இதைவிடப் பெரிய சேதம் டெக்ஸாமெத்தசோன் விஷயத்தில் நடந்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை இந்த மலிவான ஸ்டீராய்டு மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, ஆக்ஸிஜனில் இருப்பவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. மூன்றாவது வாக்கியம் இங்கே வந்து சேர்வதற்குள் உதிர்ந்துபோனது. இரண்டாவது அலையில் சளி, காய்ச்சல் என்று வீட்டில் இருந்தவர்கள் மூன்றாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சீட்டை ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள், மருந்துக்கடையிலும் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. பிறகு கறுப்புப் பூஞ்சை வந்தது. ஸ்டீராய்டும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேரும் இடத்தில்தான் அது அதிகம் தாக்கியது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். கண்ணை எடுத்தால்தான் உயிர் என்ற நிலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அதற்கப்புறம் எந்தப் புதுச் சிகிச்சைக் குறிப்பு வந்தாலும் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன். பல சமயம் அது எட்டாம் பக்கத்தில் இருக்கிறது.

வெள்ளம் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் சென்னைக்கு முகாம் வேலைக்குப் போனபோது செல்போன் சிக்னலே இல்லை. வாட்ஸ்அப்பை நம்பி அனுப்பிய அறிவுரை எல்லாம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. முகாமுக்கு வந்தவர்களில் காலராவோ எலிக்காய்ச்சலோ பயந்து வந்தவர்கள் குறைவு. சேற்றுப்புண்ணும், "பிரஷர் மாத்திரை தண்ணியில போயிடுச்சு, இன்சுலின் கெட்டுப்போச்சு" என்பதும்தான் அதிகம். எலிக்காய்ச்சல் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்காக, தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற ஒரு வரி தெரிந்தால் போதும். அதை மழைக்கு முன்பே அச்சடித்து வைத்திருக்க வேண்டும். இப்போது அக்டோபர் பிறந்தால் நான் வைத்துவிடுகிறேன்.

மேலே இருந்து கீழே வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கீழே இருந்து மேலே போவதும் உண்டு. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் சந்தேகத்தை எழுதுவது எஸ், டாக்டர் எழுதுவது பி, லேப் எழுதுவது எல். இப்போது எல்லாம் ஆன்லைன். நிறைய இடத்தில் சும்மா பூஜ்யம் போட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பூஜ்யம் போட்டால் யாரும் போன் செய்து கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா?

எங்கள் கிராம சுகாதார செவிலியர் அப்படி இல்லை. ஒரு நாள், "மேடம், பிள்ளையார் கோயில் தெருவுல மூணு வீட்டுல கண்ணு மஞ்சளா இருக்குது, எல்லாம் ஸ்கூல் பசங்க" என்று போன் செய்தார். ஆன்லைனில் ஏற்றிவிட்டு நோய்ப் பரவலைக் கவனிக்கும் மாவட்ட எபிடெமியாலஜிஸ்டையும் போனில் கூப்பிட்டேன். மறுநாள் சுகாதார ஆய்வாளர் குளோரின் பார்க்கும் டப்பாவோடு தெருத் தெருவாகப் போனார். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்தால் குளோரின் இருப்பதைக் காட்டும் நிறம் வந்தது, அந்தத் தெருக் கடைசியில் வரவில்லை. நடுவில் குழாய் சாக்கடைக்குள் இறங்கி ஏறும் இடத்தில் உடைந்திருந்தது. லேபில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது. ஊராட்சியில் குழாயை மேலே தூக்கிப் போட்டார்கள், அதுவரை லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து எல்லா வட்டாரத்துக்கும் ஒரு கடிதம் போனது. ஒரே பக்கம். காமாலையோடு வரும் பிள்ளைகளிடம் எந்தத் தெரு, எந்தத் தொட்டித் தண்ணீர் என்று கேட்டு எழுதவும், சாக்கடையைக் கடக்கும் குழாய்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்க்கவும். அதற்குள் பக்கத்து வட்டாரத்தில் இதே மாதிரி இன்னொரு உடைப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.