வடக்கன்குளத்திலிருந்து காற்றாடிமலைக்கு: என் மாமியாரின் நேர்ச்சை

என் மாமியார் எனக்காக ஒரு நேர்ச்சை வைத்திருந்தார் என்பது, கடந்த பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டர் முன்னிரவு வழிபாட்டில், நான் திருமுழுக்கு என்னும் ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், கோவிலுக்கு வா என்று அவர் ஒரு நாளும் என்னை வற்புறுத்தியதில்லை. மாலையில் குடும்பச் செபமாலை தொடங்கும் நேரத்தில் நான் அடுப்படியில் நின்றால், எனக்குக் கேட்கும்படி குரலைச் சற்று உயர்த்திச் சொல்வார், அவ்வளவுதான். மருமகள் தானாக மனம் விரும்பி ஆண்டவரிடம் வந்தால், புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலிருந்து அவர் உயிர் கொடுத்த காற்றாடிமலை வரைக்கும், பிறகு அவர் துயில்கொள்ளும் கோட்டாற்றுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்பதே அவருடைய வேண்டுதல். மாமியார் பிறந்து வளர்ந்தது நாகர்கோவில் பக்கம். புனிதராக அறிவிக்கப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே, தேவசகாயத்தைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப்போல் கூப்பிட்டுப் பேசும் வழக்கம் அந்தப் பக்கத்து மக்களுக்கு உண்டு.

நான் எந்த நிலையில் அந்தப் பயணத்துக்குப் புறப்பட்டேன் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. திருமுழுக்குச் செய்தி கேட்ட நாளிலிருந்து என்னைப் பெற்ற அம்மா என்னோடு பேசுவதில்லை. அண்ணன் தொலைபேசியை எடுக்கிறார், நலம் விசாரிக்கிறார், வைத்துவிடுகிறார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயும் நொடியுமாக இருந்த பிள்ளையைத் தம் குலதெய்வத்தின் முன் கிடத்தி அழுது, மொட்டை போட்டுக் காது குத்தி ஆளாக்கியவர் அவர். என் கணவரும் குழந்தைகளும் என் மேல் பூச்சொரிந்து மகிழ்ந்த அந்தத் திருவிழிப்பு இரவிலும்கூட, இனி எந்த முகத்தோடு தாய்வீட்டுப் படியேறுவது என்ற கவலை என் நெஞ்சில் கிடந்து அழுத்திக்கொண்டே இருந்தது. ஆண்டவர் அழைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அழைத்தவர் வழியையும் பார்த்துக்கொள்வார் என்று நம்புவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து இரவு ரயிலேறி விடியலில் வள்ளியூரில் இறங்கினோம். அங்கே பேசி அமர்த்திய வாடகைக் காரின் ஓட்டுநர், பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, பேசிய தொகைக்கு மேல் கேட்டார். வயதான பெண்மணி ஒருவர் நேர்ச்சைக்குப் போகிறார் என்று தெரிந்தும் அப்படி நடந்துகொண்டதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. மாமியார் ஒரு வார்த்தையும் பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தார். நான் வாய் திறக்கப் போனபோது, "இண்ணைக்கு வேண்டாம் மக்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்டோம். 1745 மே 14ஆம் நாள், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்டன் இந்த ஊருக்கு வந்துதான் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1741இல், குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மரிடம் சிறைப்பட்டுப் பின்னர் அவருடைய படைத் தளபதியான டச்சுக் கம்பெனி வீரர் டிலனாய் நீலகண்டனுக்கு நண்பரானார். வீட்டில் அடுத்தடுத்துக் கால்நடைகள் மடிந்து, பயிர் நாசமாகி நீலகண்டன் மனமொடிந்து கிடந்தபோது, டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் விவிலியக் கதையைச் சொன்னார். கேட்டவர், அந்தக் கடவுளை அறிய வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார். யோபு கதையைக் கேட்டு ஒருவர் மனம் திரும்பினார் என்பதை நான் மறைக்கல்வி வகுப்பில் முதலில் கேட்டபோதே வியந்தேன். கடவுளிடம் வந்தால் இழந்தது திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையில் வந்தவராக அவர் இருந்திருந்தால், பின்னால் வந்த சோதனைகளில் ஒரு வாரம்கூட நிலைத்திருக்க மாட்டார்.

இந்த ஆலயத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீடத்திலிருந்து இரண்டு நடுக்கூடங்கள் இரு காலாகப் பிரிந்து செல்லும் அமைப்பு இதற்கு உண்டு. ஒரே திருப்பலியைச் சாதிக்கொரு பக்கமாக நின்று காண்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் இப்படிக் கட்டினார்கள். பிரித்து வைத்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. சாதி பாராமல் எல்லாரோடும் ஒன்றாகப் பழகினார் என்பதும் தேவசகாயத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அப்படிப்பட்டவர் திருமுழுக்குப் பெற்ற மண்ணிலேயே பின்னால் அப்படியொரு சுவர் எழுந்தது திருச்சபையின் பெருந்துயரம் என்றே நான் எண்ணுகிறேன். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பெயரை நீக்கித் தேவசகாயம் என்று மட்டும் அழைத்தது எவ்வளவு பொருத்தம்! வெளியிலிருந்து வந்த நான் அந்த ஆலயத்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தயங்கி நின்றபோது, முன்பின் அறியாத ஓர் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை.

தேவசகாயத்தின் மனைவி பார்கவி அம்மையாரும் இங்கே திருமுழுக்குப் பெற்றவர்தான். ஞானப்பூ என்ற அந்த அம்மையாரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் ஆதங்கம். உற்றார் உறவினர் என்ன சொல்வார்களோ என்று அவர் முதலில் தயங்கினார் என்று சொல்வார்கள். கணவர் கொல்லப்பட்ட பிறகு வடக்கன்குளத்திலேயே செபத்திலும் தனிமையிலும் காலம் கழித்து மறைந்தார் என்பதும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. அந்த ஆலயத்தில் நான் மண்டியிட்டபோது என் வாயில் வந்தது அவருடைய பெயர்தான். அம்மா, உங்களுக்கும் தாய்வீடு ஒன்று இருந்திருக்குமே, அதை நினைத்து நீங்களும் அழுதிருப்பீர்களே என்று கேட்டேன்.

அங்கிருந்து காவல்கிணறு, முப்பந்தல் வழியாக, காற்றாடிமலை இருக்கும் ஆரல்வாய்மொழிக்குப் பேருந்தில் சென்றோம். இருபுறமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, மேற்கே மலைகள் நெருங்கி வந்து கணவாய் திறக்கிற அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வடக்கன்குளம் அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. அரசருக்குக் கீழே பணிசெய்த ஒருவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர வேண்டுமானால் எல்லை தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் வடக்கன்குளத்தில் தங்கிவிடவில்லை. பத்மநாபபுரத்துக்கு, தம் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பிப் போனார். திரும்பிப் போக இந்தக் கணவாய்தானே வழி? அப்படியானால், தலையில் ஊற்றப்பட்ட தண்ணீரின் ஈரம் மனத்தில் காயாத நிலையில், 7 ஆண்டுகள் கழித்துத் தம்மைச் சுட்டுக் கொல்லப்போகிற அதே மலையின் அடிவாரத்தை அவர் கடந்து போயிருக்க வேண்டும். 1749இல் கைது செய்யப்படுவார், எருமை மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்வார்கள், 1752 சனவரி 14 இரவில் இந்த மலைமேல் எல்லாம் முடியும் என்பவற்றுள் ஒன்றும் அவருக்கு அன்று தெரியாது. தெரியாமலே நடந்தார். கிறிஸ்துவுக்காக உயிர் கொடுத்த நாளில் அவர் காட்டிய விசுவாசத்தை எல்லாரும் போற்றுகிறோம். அதற்கு முன், திருமுழுக்குப் பெற்ற பிறகு ஒரு சாதாரண மனிதராக வீடு திரும்பி, தம்மை அறிந்தவர்கள் மத்தியில் மறுபடியும் வேலைக்குப் போய் நின்றாரே, அந்த விசுவாசம் என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. ஓடும் பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் விம்மி அழுததைப் பார்த்த மாமியார், ஏன் என்று கேட்கவில்லை.

காற்றாடிமலை அடிவாரத்தில் கூட்டம் நெரிந்தது. மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். தங்களிடம் வாங்கிய திரியை ஏற்றினால்தான் நேர்ச்சை நிறைவேறும் என்றுகூட ஒருவர் சொன்னார். விசுவாசத்தோடு வருகிறவர்களை இப்படிப் பயமுறுத்திப் பிழைப்பது பாவம். மேலே, மறைசாட்சி தேவசகாயம் விழுந்த இடத்தில், கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொள்பவர்கள் நகர்ந்தால்தான் மண்டியிட வந்தவர்களுக்கு இடம். ஒரு பாட்டி வெகுநேரம் ஒதுங்கி நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புனித இடங்களில் இந்தக் கைப்பேசிகளைப் பைக்குள் வைக்கச் சொல்லிப் பங்கு மக்களே ஒழுங்கு செய்தால் நல்லது.

மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கீழேயே இருங்கள் அத்தை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு கையால் என் தோளைப் பற்றி, மறு கையில் செபமாலையை உருட்டி, உருளும் ஒவ்வொரு மணிக்கும் ஓர் அடி என்பதுபோல் ஏறினார். அன்றைக்குக் காற்று சாதாரணக் காற்று அல்ல. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழியில் அடிக்கும் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியும் நிற்கவில்லை, மணல் வந்து கன்னத்தில் ஊசியாகக் குத்தியது.

நான் திருவிழிப்பு இரவில் பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிக் கையில் வாங்கிய என் திருமுழுக்குத் திரியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதன் நுனித் திரி அன்று எரிந்து கறுத்தபடியே இருந்தது. பக்கத்தில் வழிந்த மெழுகு ஒரு கோடாக உறைந்திருந்தது. அதைத் தேவசகாயம் உயிர் விட்ட இடத்தில் ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. தீக்குச்சி உரசினால் திரியைத் தொடுமுன் அணைந்தது. பக்கத்தில் இருந்த ஓர் அண்ணன் தம் துண்டை விரித்து மறைத்துப் பிடித்தார், அவர் மகன் இரண்டு கையையும் குவித்து வைத்தான். ஒரு நொடி பற்றிக்கொண்டு நீலமாய் ஒடுங்கி அணைந்துவிட்டது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அபசகுனம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். பழைய பயம் அவ்வளவு எளிதில் போய்விடுமா? அணைந்த திரியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

மாமியார் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார். பாறையோரமாகக் குனிந்து, காற்றில் உருண்டுவிடாதபடி இரண்டு கற்களுக்கு இடையே அணைந்தபடியே நிறுத்தி வைத்தார். "எரிஞ்சாலும் எரியாட்டாலும் ஒண்ணுதான் மக்களே. நீ கொண்டாந்து வச்சது அவருக்குத் தெரியும்" என்றார். பிறகு முழங்கால் வலியோடு அந்தப் பாறையில் மண்டியிட்டு, எனக்காக இல்லை, என் அம்மாவுக்காகச் செபித்தார். என் அம்மாவின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய சர்க்கரை வியாதியைச் சொல்லி, அவர்கள் மனசு நோகாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, தம் கூடப்பிறந்தவளுக்காகக் கேட்பதுபோல் சத்தமாகக் கேட்டார். என் அம்மாவும் அவரும் சம்பந்திகளாக நேரில் பேசிக்கொண்ட நாள்கள் மிகக் குறைவு. அந்தக் காற்றில் அவர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆண்டவரே, இவரை எனக்குக் கொடுத்தீரே, இதற்கு மேல் நான் என்ன அடையாளம் கேட்பேன் என்று சொல்லி அவர் பக்கத்தில் விழுந்தேன்.

மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டி ஒலி கேட்டோம், வியாகுல அன்னையின் ஆலயத்தில் செபித்தோம், இறங்கினோம். அதற்குப் பிறகு எங்கே, என்ன பார்த்தோம் என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் புனிதரின் கல்லறை மேல் கையை வைத்தபோது, வேண்டுவதற்கென்று மனத்தில் எழுதிக்கொண்டு போன பட்டியல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. நன்றி, நன்றி என்று மட்டும் வந்துகொண்டிருந்தது. காவலாளி பேராலயத்தைப் பூட்ட வேண்டும் என்று வந்து சொல்லும் வரையில் மாமியாரும் எழவில்லை, நானும் எழவில்லை. மறுநாள் காலை புலியூர்க்குறிச்சிக்குப் போய், தாகத்தால் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் சுரந்ததாக நம் மக்கள் போற்றும் முட்டிடிச்சான் பாறையில் மூன்று புட்டிகளில் நீர் பிடித்தார் மாமியார். ஒன்று எங்கள் வீட்டுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு. மூன்றாவதை என் பையில் வைத்து, "இது உங்க அம்மைக்கு. குடிக்கணும்னு இல்ல. நீ கொண்டுபோய்க் கொடு" என்றார்.

ஆடி பிறந்ததும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், வராதே என்று அவர் சொல்லவில்லை. அம்மா பேசுவார்களா, புட்டியை வாங்குவார்களா, வாசலிலேயே நிறுத்திவிடுவார்களா, எனக்குத் தெரியாது. என் தாய்வீடு இருக்கும் தெருவில் என்னை அறிந்தவர்கள் மத்தியில் நடந்துபோக வேண்டும், போவேன். மாமியாரின் நேர்ச்சையை நிறைவேற்றித் தந்த ஆண்டவருக்கும், பரிந்து பேசிய புனித தேவசகாயத்துக்கும், ஞானப்பூ அம்மையாருக்கும், முகம் தெரியாத எனக்காகத் துண்டை விரித்து நின்ற அந்த அண்ணனுக்கும் அவர் மகனுக்கும் என் நன்றி. இதை வாசிக்கிறவர்கள் இன்றைய செபமாலையில் ஓர் அருள்நிறை மரியே என் அம்மாவுக்காகச் சொல்லுங்கள்.